குமுளிக்கு வரும்போது அஞ்சறைப்பெட்டியில் என்ன கொண்டுவருவது?

கணவரின் வேலைக்காக மன்னார்குடியிலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்குக் குடிவந்து ஒரு மாதமான தங்கை ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார்: "அக்கா, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். சாம்பார் பொடி, ரசப்பொடி, மிளகாய்த்தூள் எல்லாம் ஒரு வருஷத்துக்கு அரைத்து எடுத்து வந்துவிடட்டுமா? இங்கே கடையில் வாங்கிச் சமைத்தால் எதிலும் நம் ஊர் ருசி வரவில்லை. நீங்கள் தினமும் என்ன போட்டுச் சமைக்கிறீர்கள்?"

ஒரு வருஷத்துக்கு அரைத்து எடுத்து வராதீர்கள், தங்கச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அருப்புக்கோட்டைக்காரி. 1998-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். அம்மா நாலு கிலோ குழம்புப் பொடி அரைத்து, தூக்குவாளியில் அமுக்கி அமுக்கி வைத்துக் கொடுத்தார். வந்தது வைகாசியில். ஆடி பிறப்பதற்குள் வாளியின் மேல்பக்கம் கட்டி தட்டி, உள்ளே வெள்ளை நூலாகப் பூசணம் ஓடிவிட்டது. அம்மா வெயிலில் காயவைத்து, வறுத்து, மில்லில் வரிசையில் நின்று அரைத்த பொடி. அதைக் கொட்டிய நாளில் நான் அழுதேன். நம் ஊரில் பொடி ஒரு வருஷம் கிடக்கிறது என்றால் அதற்கு நம் ஊர் வெயில்தான் காரணம். இங்கே ஜூனில் இடவப்பாதி தொடங்கினால் செப்டம்பர் வரை மழை, அதற்குப் பிறகு துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழை. நடுவில் கிடைக்கும் வெயிலை நம்பித் துணியே காயாது. உப்பு ஜாடியே தண்ணீர் விட்டுக்கொள்ளும் இடத்தில் பொடி எப்படிப் பிழைக்கும்?

ஆகவே நான் அப்போதிலிருந்து வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: எதையும் முழுசாக வாங்குவது, பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வறுத்து அரைப்பது, மிளகையும் ஏலத்தையும் அன்றன்றைக்கு இடிப்பது. மல்லி, வத்தல், வெந்தயம், சீரகம் எல்லாம் முழுசாக, கொஞ்சம் சூடுகாட்டி, ஆறவைத்து, கண்ணாடி பாட்டிலில் மூடிவைத்தால் மழை ஒன்றும் செய்யாது.

அடுத்து, ருசி வரவில்லை என்கிறீர்களே, அதில் பாதி கடையில் கேட்கும் சொல்லில் இருக்கிறது. குமுளியில் பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. தமிழர்கள் அதற்கு முன்பும் இங்கே இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். ஆனாலும் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் கடைக்குப் போனால் சொல் மாறிவிடும். மலையாளத்தில் 'முளகு' என்றால் மிளகாய். நம் மிளகுக்கு அவர்கள் 'குருமுளகு' அல்லது 'நல்லமுளகு' என்பார்கள். என் மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பையனிடம் "மிளகுப்பொடி வாங்கிட்டு வா" என்று அனுப்பினேன். வந்தது முளகுபொடி, அதாவது மிளகாய்த்தூள். விளக்கு வெளிச்சத்தில் பார்க்காமல் ரசத்தில் போட்டுவிட்டேன். காய்ச்சலில் கிடந்த பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு அலறியது இன்றும் காதில் இருக்கிறது.

சீரகத்தை ஜீரகம் என்றே கேட்கலாம். சோம்பு வேண்டுமென்றால் 'பெருஞ்சீரகம்' என்று கேளுங்கள். தஞ்சைப் பக்கமும் அந்தச் சொல் உண்டுதானே. வெந்தயம் 'உலுவா'. பெருங்காயம் வெறும் 'காயம்'. நம் புளிக்கு 'வாளன்புளி' என்று சொல்லுங்கள், வெறுமனே புளி என்றால் குடம்புளி வந்தாலும் வரும். பூண்டு 'வெளுத்துள்ளி', சின்ன வெங்காயம் 'செறிய உள்ளி'.

ஊரிலிருந்து உண்மையில் எடுத்து வரவேண்டியது மிளகாய் வத்தல் மட்டும்தான். இங்கே கடைகளில் முன்னால் நிற்பது காஷ்மீரியும் பிரியனும். இரண்டும் நிறத்துக்கு நல்லவை, மீன் கறி செக்கச்செவேல் என்று வரும். ஆனால் காரம் குறைவு. நம் வத்தக்குழம்புக்கு அது போதாது. நான் ராமநாதபுரம் குண்டு வத்தல்தான் தாளிக்க வைத்திருக்கிறேன். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த முண்டு மிளகாய்தான். எண்ணெயில் போட்டால் பலூன் மாதிரி உப்பி, கமறாமல் மணக்கும். அரைப்பதற்கு நீட்டுச் சம்பா வத்தல். புளியும் நல்லெண்ணெயும் மன்னார்குடியிலிருந்து சுமக்க வேண்டாம், மலை இறங்கினால் கம்பத்தில் எல்லாம் கிடைக்கும். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். கறிவேப்பிலை, கொத்தமல்லி, முருங்கைக்காய் எல்லாமே அங்கிருந்துதான் மேலே ஏறுகின்றன.

இனி இந்த மலையில் கிடைப்பதைச் சொல்கிறேன். எனக்கு ஆசையான பகுதி இதுதான்.

மிளகு. நாம் ஊரில் மிளகைப் பொங்கலுக்கும் ரசத்துக்கும் காய்ச்சலுக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இங்கே வந்த பிறகுதான் அதைத் தினசரிக் காரமாகப் புழங்கக் கற்றேன். மழைக்காலத்தில் உடம்புக்கு மிளகாய்க் காரத்தைவிட இந்தக் காரம் ஒத்துப்போகிறது என்பது என் அனுபவம். வீட்டுக்கு வீடு சில்வர் ஓக் மரத்திலோ முருக்கு மரத்திலோ கொடி ஏறியிருக்கும். கரிமுண்டா என்பது இந்தப் பக்கத்துப் பழைய கொடி. பன்னியூர்-1 என்பது கண்ணூர் பக்கம் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கி 1971-ல் வெளியிட்டது, மணி பெரிதாக இருக்கும். கதிரில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிப்பார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை பறிப்புதான். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும். சிலர் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துக் காயவைப்பார்கள்; மணியெல்லாம் ஒரே கறுப்பாக, பளபளவென்று வரும்.

எங்கே வாங்குவது? தேக்கடி ரோட்டில் சுற்றுலா வருபவர்களுக்காக அழகழகாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்களே, அங்கே வேண்டாம். நல்ல கடைகளும் உண்டு, ஆனால் விலை சுற்றுலா விலை. தோட்டக்காரர்கள் விளைச்சலைக் கொண்டுபோய்ப் போடும் மலஞ்சரக்குக் கடை ஒன்றைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். கால் கிலோ, அரைக் கிலோ கேட்டாலும் கொடுப்பார்கள். வாங்கும்போது ஒரு கை அள்ளிப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் போட்டால் நல்ல மணி மூழ்கும். சொத்தையும், கலப்படத்துக்குப் போடும் பப்பாளி விதையும் மிதக்கும். ஒருமுறை என் நாத்தனாருக்கு அனுப்ப அவசரமாக வாங்கிய பொட்டலத்தில் கால் பங்கு மிதந்தது. அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். கிராம்புக்கும் இதே சோதனைதான். எண்ணெய் எடுத்துவிட்ட கிராம்பு சுருங்கி மேலே மிதக்கும்.

இடித்து வைக்காதீர்கள். மிளகின் காரம் இடித்த பிறகும் நிற்கும், வாசனை நிற்காது. எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் கையகல இடிகல் எப்போதும் வெளியிலேயே இருக்கும். முட்டைக்கோஸ் பொரியலா, தேங்காய்ப்பூ தூவி இறக்குவதற்கு ஒரு நொடி முன்னால் பத்து மணி இடித்துப் போடுவேன். அவ்வளவுதான், வேறு பொடியே தேவைப்படாது. ஜனவரியில் பச்சை மிளகு கதிரோடு கிடைக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் விட்டு ஊறவைத்தால் தயிர்சாதத்துக்கு அதைவிட வேறு எதுவும் எனக்குப் பிடிக்காது.

ஏலக்காய் அடுத்தது. காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறி வருவதைப் பார்த்திருப்பீர்கள். காய் எடுப்புக்குப் போகிறவர்கள். குனிந்தபடியே, செடியின் அடியில் தரையோடு படர்ந்திருக்கும் சரத்திலிருந்து முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரே செடியில் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுப்பு வரும். பறித்த காயை அன்றைக்கே ஸ்டோர் என்னும் உலர்த்துமிடத்தில், மூடிய அறையில் அளவான சூட்டில் காயவைத்தால்தான் பச்சை நிறம் நிற்கும். அப்படிக் காய்ந்தது புற்றடியிலும் போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போகும். 2019 ஆகஸ்ட்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. நாங்கள் பாயசத்துக்கு இரண்டு காய் எண்ணிப் போட்ட நாட்கள் அவை. அந்தப் பெண்களின் முதுகுவலியை அறிந்தவள் என்பதால் இன்றும் தோலை நான் தூக்கிப் போடுவதில்லை. விதையை இடித்துப் பாயசத்துக்கு, தோலைச் சாயாத்தூள் டப்பாவுக்குள்.

வீட்டுச் சமையலுக்கு எட்டு மில்லிமீட்டர் முதல்தரக் காய் தேவையே இல்லை. உருவம் சிறுத்த, சில இடத்தில் வாய் பிளந்த காய் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும், உள்ளே விதை கறுப்பாக, ஒட்டும் பதத்தில் இருந்தால் சரி. அளவுக்கு மீறிப் பச்சையாக மினுங்கும் காயைக் கண்டால் நாலைந்தை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு ஊறப்போடுங்கள். பச்சை இறங்கினால் சாயம்.

அப்புறம் குடம்புளி. இதற்கு மட்டும் எனக்கு வருஷங்கள் ஆயின. புகையில் காய்ந்து கன்னங்கரேலென்று, பிசுபிசுப்பாக இருப்பதைப் பார்த்து முதலில் கையால் தொடவே தயங்கினேன். பக்கத்து வீட்டுச் சேச்சிதான் சொல்லிக்கொடுத்தார். இதை நம் புளி மாதிரிக் கரைத்துப் பிழியக் கூடாது. மூன்று நாலு இதழைக் கழுவி, வெந்நீரில் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு மண்சட்டியில் மீன் கறியில் போட வேண்டும். புளிப்பு போதுமென்று பட்டதும் இதழை எடுத்துவிடலாம். முதல் நாள் வைத்த கறி மறுநாள் காலையில்தான் முழு ருசிக்கு வரும். மத்திக்கும் அயிலைக்கும் இது. விரால், கெண்டைக்கு இன்றும் நான் வாளன்புளிதான். ஆற்று மீனுக்கு நம் குழம்பு என்று மனசு சொல்லிவிட்டது. வாங்கிய குடம்புளியில் கொஞ்சம் கல்லுப்பும் தேங்காயெண்ணெயும் தடவி ஜாடியில் வைத்தால் எத்தனை மழைக்கும் கெடாது.

மஞ்சளில் ஒரு கவனம் வேண்டும். கேரளத்து மஞ்சளுக்கு நிறம் தூக்கல். நம் ஊர்க் கணக்கில் அரை ஸ்பூன் போட்டால் கூட்டு கசக்கும், பாதி போடுங்கள். உங்கள் சாம்பார் மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் எண்ணெய். தேங்காயெண்ணெயில் தாளித்த சாம்பாரில் நம் பொடியைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று சேராது. அவர்கள் சாம்பார் வேண்டுமென்றால் தேங்காயை மல்லியோடு கருகாமல் சிவக்க வறுத்து அரைத்து, காயத்தைத் தாராளமாகப் போட்டு வையுங்கள், அது தனி ருசி. நம் சாம்பார் வேண்டுமென்றால் நல்லெண்ணெய்க்குப் போய்விடுங்கள். இரண்டையும் கலந்து இரண்டும் இல்லாமல் சாப்பிட்டது என் முதல் வருஷம்.

பூண்டு வாங்கும்போது காந்தளூர், வட்டவடைப் பூண்டு கிடைத்தால் விடாதீர்கள். மூணாறுக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசும் விவசாயிகள் விளைவிப்பது. பல் சிறிது, உரிப்பதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் இரண்டு பல் நசுக்கினால் வீடு முழுக்கத் தெரியும். பணியாரத்துக்கும் பொங்கலுக்கும் மறையூர் வெல்லம். காந்தாரி மிளகாய் ஒரு செடி தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், சின்ன வெங்காயத்தோடு உப்பு வைத்து நசுக்கி, பச்சைத் தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் மரவள்ளிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளப் போதும்.

தினமும் என்ன போடுகிறேன் என்று கேட்டீர்கள். நேற்று வைத்த ரசத்தைச் சொல்கிறேன். நெல்லிக்காயளவு வாளன்புளி, ஒரு தக்காளி. இடிகல்லில் ஒரு ஸ்பூன் மிளகு, முக்கால் ஸ்பூன் சீரகம், வட்டவடைப் பூண்டு நாலு பல் தோலோடு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, எல்லாம் ஒன்றிரண்டாக. நுரை கட்டியதும் இறக்கி, நெய்யில் கடுகும் ஒரே ஒரு குண்டு வத்தலும். ரசப்பொடி இல்லை. புளியும் வத்தலும் நம் பக்கத்தது, மிளகும் பூண்டும் இந்த மலையது. எங்கள் வீட்டு ரசம் இப்போது இப்படித்தான் இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குப் போனால் என் பிள்ளைகள் "பாட்டி ரசத்துல மிளகு பத்தல" என்கிறார்கள், அம்மாவும் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் இடித்துப் போடுகிறார்.

ஆகவே ஊருக்குப் போகும்போது இரண்டு கிலோ வத்தல் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் பொடி கேட்காதீர்கள், அளவு கேளுங்கள். மல்லி எத்தனை படி, கடலைப்பருப்பு எத்தனை பிடி, எதை முதலில் வறுக்கிறார், எந்த நிறத்தில் இறக்குகிறார் என்பதை அடுப்புப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வாருங்கள். வந்ததும் சொல்லுங்கள். அந்த அளவை நூறு கிராம் பொடிக்குச் சுருக்கி, என் வீட்டு இடிகல்லில் முதல் தடவை சேர்ந்தே இடித்துப் பார்ப்போம்.