பளபளக்கும் பிளாக்கில் எமரி போடலாமா?

கேள்வி: என் 2015 மாடல் டியூக் 390 வண்டி 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் நீலப்புகை வருகிறது. புது பிஸ்டனும் ரிங்கும் வாங்கிவிட்டேன். பிளாக்கின் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர்) உட்சுவர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஒரு பக்கம் வெள்ளிக்கோடு ஒன்றும் இருக்கிறது. எமரித்தாள் போட்டுத் தேய்க்கலாமா, பட்டறையில் ஹோனிங் (கல்லால் உரசி சுவரில் மெல்லிய வரி போடுவது) கொடுக்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும் வேண்டாம். ஆர்எக்ஸ் 100-இல் பழகிய கை இப்படித்தான் கேட்கும். அதில் இருப்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ். கல் போட்டுத் தேய்க்கலாம், தேய்ந்தால் போரிங் செய்து, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். உங்களுடையது அலுமினிய பிளாக். உள்ளே நிக்கசில் கோட்டிங், அதாவது நிக்கலுக்குள் சிலிக்கன் கார்பைடு துகள்கள். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1960-களில் வாங்கெல் எஞ்சினுக்காக (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் எஞ்சின்) கண்டுபிடித்த சரக்கு. தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி. அதில் புதிதாக வரி போட வைரக்கல் வேண்டும். அது வீட்டு வேலை இல்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கம்பெனி போட்ட குறுக்கு வரிகள் தெரிகின்றனவா? அப்படியென்றால் மின்னுவது எரிந்த ஆயிலின் வார்னிஷ்தான். அதைக் கழுவி எடுத்தால் போதும். கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் மெரூன் நிற ஸ்காட்ச்பிரைட்டை (பாத்திரம் தேய்க்கிற பச்சை வேண்டாம்) சோப்புத் தண்ணீரில் நனைத்து, கையால் சுற்றியபடியே மேலும் கீழும் தேயுங்கள். ஐந்து நிமிடம் போதும். ட்ரில்லில் மாட்டாதீர்கள்.

அந்த வெள்ளிக்கோடு, பிஸ்டனிலிருந்து ஒட்டிய அலுமினியமாக இருக்கலாம். நகத்தை ஓட்டிப் பாருங்கள். புடைப்பாக இருந்தால் காதுக்குடையும் பஞ்சுக்குச்சியில் பாத்ரூம் ஆசிட் தொட்டு, கோட்டின் மேல் மட்டும் வையுங்கள். கையுறை, கண்ணாடி அவசியம், வேலை வெட்டவெளியில். நுரைத்து அடங்கினால் அலுமினியம் கரைந்துவிட்டது, உடனே கழுவிவிடுங்கள். அடங்காமல் ஒரே இடத்தில் நுரைத்துக்கொண்டே இருந்தால் அங்கே கோட்டிங் போய்விட்டது, ஆசிட் பிளாக்கையே தின்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் நான் ஒருமுறை 'இன்னும் கறை இருக்கிறது' என்று தொட்டுத் தொட்டு வைத்து, அரைக் கடலைப்பருப்பு அளவுக்குக் குழி பறித்துவிட்டேன். அந்த பிளாக் இன்று என் மேசையில் பேனா ஸ்டாண்ட். நகம் பள்ளத்தில் மாட்டினாலும் இதே கதைதான்: புது பிளாக் வாங்க வேண்டும், அல்லது மறுபடி கோட்டிங் போடுகிறவரிடம் அனுப்ப வேண்டும்.

அப்புறம், புது ரிங்கைத் தனியாக பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். சிலிண்டர் ஹெட் கையில் இருக்கும்போதே வால்வு சீலையும் (வால்வு வழியாக ஆயில் உள்ளே கசியாமல் தடுக்கும் ரப்பர்) மாற்றிவிடுங்கள்.

கடைசியாகக் கழுவல். பெட்ரோல் மட்டும் போதாது. ஸ்காட்ச்பிரைட் தூள் சுவரிலேயே தங்கி புது ரிங்கைத் தேய்த்துவிடும். வெந்நீர், பாத்திர சோப்பு, பிரஷ். துடைத்து, ஆயில் தொட்ட வெள்ளை பனியன் துணியால் தடவிப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவ வேண்டும். மூன்று கழுவலுக்குக் குறைந்து எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.