குளிர்விப்புக் கிரெடிட் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் சிறிய ஏற்றுமதி நிறுவனத்தின் கரியமில வாயு வெளியீட்டை ஈடுகட்ட வழி தேடியபோது, பலூன்களில் கந்தக டை ஆக்சைடை வானுக்கு அனுப்பிப் பூமியைக் குளிர்விப்பதாகச் சொல்லி, ‘குளிர்விப்புக் கிரெடிட்’ விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தைப் பற்றி அறிந்தோம். ஒரு கிராம் கந்தக டை ஆக்சைடு, ஒரு டன் கரியமில வாயு ஓராண்டில் உண்டாக்கும் வெப்பத்தை ஈடுசெய்யும் என்கிறார்கள். இதை வாங்கலாமா? சட்டம் இதை அனுமதிக்கிறதா?

பதில்: வாங்க வேண்டாம்.

இதன் அறிவியல் அடிப்படை கற்பனையன்று. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடை வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் ஒன்றான அடுக்குமண்டலத்தில் சேர்த்தது. அதிலிருந்து உருவான நுண்துகள்கள் சூரிய ஒளியில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பியதால், அடுத்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. ஆனால் அந்தத் துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் பெருமளவு படிந்துவிட்டன, குளிர்ச்சியும் அவற்றோடு போயிற்று. உங்கள் ஆலை வெளியிடும் கரியமில வாயுவிலோ ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வானில் தங்கி, கடல்நீரின் அமிலத்தன்மையையும் கூட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஓராண்டுக்கான கிரெடிட்டை வரவு வைத்து, ஒரு டன்னைக் கணக்கிலிருந்து கழிப்பது பிழையான கணக்கு.

சட்டத்தைப் பொறுத்தவரை, இதற்கென்றே இயற்றப்பட்ட உலக உடன்படிக்கை எதுவும் இல்லை. 1976ஆம் ஆண்டின் உடன்படிக்கை, சுற்றுச்சூழலைப் போர்க்கருவியாக மாற்றுவதை மட்டுமே தடுக்கிறது. 2010இல் ஜப்பானின் நகோயாவில் பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் எடுத்த முடிவு, சிறு அளவிலான ஆய்வுகள் நீங்கலாக இத்தகைய முயற்சிகளைத் தவிர்க்கக் கோருகிறது. எனினும் அது சட்டப்படி கட்டுப்படுத்துவதன்று, அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் சேரவும் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் 2019இலும் 2024இலும் கொண்டுவரப்பட்ட தீர்மானங்கள் ஒருமித்த கருத்து எட்டாமல் திரும்பப் பெறப்பட்டன.

இந்த வெற்றிடத்தில்தான் இத்தகைய கிரெடிட் விற்கும் மேக் சன்செட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2022இல் மெக்சிகோவிலிருந்து, அந்நாட்டு அரசின் அனுமதியைப் பெறாமலேயே, பலூன்களைப் பறக்கவிட்டது. செய்தி வெளியானபின், 2023 ஜனவரியில், இத்தகைய சோதனைகளைத் தடைசெய்யப்போவதாக மெக்சிகோ அறிவித்தது. அமெரிக்காவிலோ, வானிலையை மாற்றும் பணிகளை அரசுக்கு அறிவிக்கச் சொல்லும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அறிவிப்பது வேறு, அனுமதி பெறுவது வேறு. 2025 ஏப்ரலில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது.

என்னை மிகவும் வருந்தச் செய்வது இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு. ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவொன்று 2021இல் ஸ்வீடனின் கிருணாவில், துகள் எதையும் தூவாமல், கருவிகளை மட்டும் பலூனில் ஏற்றிச் சோதிக்க எண்ணியது. தங்களிடம் கலந்து பேசவில்லை என வட ஐரோப்பாவின் சாமி என்னும் பழங்குடியினரின் மன்றம் எதிர்த்தது; தனி ஆலோசனைக் குழுவும் நிறுத்திவைக்கச் சொன்னது; சோதனை நின்றது. 2024இல் அத்திட்டமே கைவிடப்பட்டது. மேற்பார்வைக்கு உட்பட்டு நடந்த ஆய்வு நின்றுபோக, மேற்பார்வையற்ற விற்பனை தொடர்ந்திருக்கிறது. பினாட்டுபோவுக்கு மறு ஆண்டில் உலக நிலப்பரப்பில் மழையும் குறைந்தது என்பதை நினைத்தால், பருவமழையை நம்பி விதைக்கும் மக்களைக் கேட்காமல் எவரும் இதில் இறங்குவதை ஏற்க இயலாது.

ஒதுக்கிய தொகையைக் கொதிகலன் எரிபொருளையும் மின்செலவையும் குறைக்கச் செலவிடுங்கள். அந்தக் குறைவை உங்கள் மீட்டரும் ரசீதும் காட்டும். பின்னாளில் வேறு யாரேனும் இத்தகைய கிரெடிட்டை விற்க வந்தால், குளிர்ச்சியை அளந்தவர் யார், எந்த அரசு அனுமதித்தது, தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தருபவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள்.