காபி மெஷின் மக்கர் செய்தால்: கரையோரக் கடைக்காரர்களின் கேள்விகள்

டிக்காஷன் இறக்கும் மெஷின் பற்றி ராமநாதபுரம் கரையோரக் கடைக்காரர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் மெஷின் பழுது பார்க்கிறவர்.

தங்கச்சிமடம்: அண்ணே, டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, சூடும் இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் காயிலை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. ஊற்றுவது போர் தண்ணீரா? அப்படியானால் காயிலைச் சுற்றிச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். சூடு அதைத் தாண்டித் தண்ணீருக்குப் போகாது. காயில் தனக்குள்ளேயே சூடேறி ஒருநாள் எரிந்துபோகும். மேலே தண்ணீர் தூவும் தட்டின் ஓட்டைகளும் அடைத்திருக்கும், அதுதான் இந்தச் சொட்டு. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, தட்டைக் கழற்றி ஊசியால் குத்துங்கள். தொட்டி எவர்சில்வர் என்றால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு புளிப்பு போகும்வரை நல்ல தண்ணீர் ஓட்டுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், எவர்சில்வரையே தின்றுவிடும். இதற்கும் சரியாகவில்லை என்றால் காயிலைப் பார்க்கலாம்.

கீழக்கரை: காக்கா, சாஃப்ட்னர் வைத்தபின் சுண்ணாம்பு நின்றுவிட்டது. ஆனால் காபி உப்புக் கரிக்கிறதே?

கரிக்கத்தான் செய்யும். சாஃப்ட்னர் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் உவர்ப்பை அது தொடாது. அந்த உப்பு தொட்டியிலும் புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். உப்பையும் வடிகட்டும் ஆர்ஓ கருவி வையுங்கள், இல்லையென்றால் காபிக்கு மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

ராமேஸ்வரம்: நான் ஆர்ஓ வைத்துவிட்டேன். இப்போது மெஷின் நிற்காமல் தண்ணீர் நிரப்பி வழிகிறது!

நல்ல கேள்வி, பல மெக்கானிக்குகளே இதில் தடுமாறி போர்டை மாற்றச் சொல்வார்கள். தானாக நிரப்பும் பல மெஷின்களில் தொட்டிக்குள் ஒரு கம்பி இருக்கும். தண்ணீர் அதைத் தொட்டதும் சிறு மின்சாரம் ஓடும், 'நிரம்பிவிட்டது' என்று மெஷின் அறியும். ஆர்ஓ தாதுக்களைப் பெரும்பாலும் எடுத்துவிடும், தாது குறைந்த தண்ணீரில் அந்த மின்சாரம் சரியாக ஓடாது. கொஞ்சம் காவிரித் தண்ணீர் கலந்து டிடிஎஸ்ஸை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாது அளவை, 100, 150 அளவில் வையுங்கள். காபி ருசியும் எடுக்கும். அப்படியும் வழிந்தால் கம்பியைத் துடையுங்கள், அதில் சுண்ணாம்பு ஏறினாலும் இதே கதைதான்.

தொண்டி: கூடையில் பொடி பொங்கி வழிகிறது.

பொடி மாவாக இருக்கிறது, சிக்கரியும் அதிகம். கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லுங்கள்.

மண்டபம்: மதியத்துக்கு மேல் டிக்காஷன் கசக்கிறது அண்ணே.

சூட்டுத்தட்டில் மணிக்கணக்காக வைத்தால் எந்தப் பொடியும் கசக்கும் அக்கா. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மூடிய பிளாஸ்கில் ஊற்றி வையுங்கள்.

பாம்பன்: மெஷினைத் தொட்டால் சுரீர் என்கிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டால் போதுமா?

போதாது! உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். உப்புக்காற்றில் ஒயர் முனைகள் பச்சை பூத்திருக்கும், எர்த்தும் விட்டுப்போயிருக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள். அதுவரை பழைய பித்தளை ஃபில்டரில் டிக்காஷன் இறக்கி வியாபாரத்தைப் பாருங்கள்.