புத்தக அலமாரி செய்யவும் சுவரில் மாட்டவும் எந்த ஸ்க்ரூ வாங்குவது?

18 மி.மீ. பிளைவுட் என்று வைத்துக்கொள்வோம். பலகையோடு பலகை சேர்க்க 4 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீள ஸ்க்ரூ போதும், 32 மி.மீ. அடுத்த பலகையின் விளிம்பில் இறங்கும். முதலில் 3 மி.மீ. பிட்டால் ஓட்டை போடுங்கள். நேரடியாக முறுக்கி ஒரு பலகையைப் பிளந்தவன் சொல்கிறேன்.

சுவர்தான் வில்லங்கம். செங்கல் சுவர் என்றால், டிரில் போடும்போது கொட்டும் தூளைப் பாருங்கள். சாம்பல் நிறமாக வந்தால் அது இன்னும் சிமென்ட் பூச்சுதான், பாரம் தாங்காது. சிவப்புத் தூள் வந்த பிறகும் 40 மி.மீ. உள்ளே போக வேண்டும். அந்த ஓட்டையில் 8 மி.மீ. நைலான் பிளக் (ஸ்க்ரூவை இறுகப் பிடிக்கச் செருகும் உறை), அதற்குள் 5 மி.மீ. ஸ்க்ரூ. பூச்சு, அலமாரியைச் சுவரோடு பிடிக்கும் எல் வடிவ ஆங்கிள் எல்லாம் சேர்த்தால் நீளம் 60 மி.மீ.யாவது வேண்டும். அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூவைச் சுவருக்குப் போடாதீர்கள். வளைந்து கொடுக்காது, படக்கென்று முறிந்துவிடும்.