வாசகர் கேள்வி: ஒன்பது நாளில் ஒரு நகரமும் ஒரு பனிமலையும்

கேள்வி: பிப்ரவரியில் இரு வார இறுதிகளைச் சேர்த்து எனக்கும் கணவருக்கும் ஒன்பது நாள் விடுப்பு கிடைக்கிறது. பனிச்சறுக்கு கற்க வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. எனக்கோ முழங்கால் வலி உண்டு. பழைய நகரங்களையும் ஓவியங்களையும் பார்க்கவே விருப்பம். ஐந்து நாடுகளைக் காட்டும் திட்டம் ஒன்றை முகவர் தந்திருக்கிறார். ஏற்கலாமா? எந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிப்பது?
– வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: அந்தத் திட்டம் வேண்டாம், சகோதரி. ஒன்பது நாளில் ஐந்து நாடுகள் என்றால் பாதிப் பகல் பேருந்திலேயே கழிந்துவிடும். உங்கள் இருவரின் ஆசையில் ஒன்றுகூட நிறைவேறாது. ஒரு நகரம், அதிலிருந்து ரயிலில் எட்டும் தொலைவில் ஒரு மலையூர் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு 2023 முதல் நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் சுமார் இரண்டு மணி நேர ரயில் பயணம்தான்.

சனி, ஞாயிறு இரண்டையும் மியூனிக்கில் கழியுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், உடல் பழகும்வரை பனிச்சறுக்குக்குப் போகாதிருப்பது நல்லது. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், ஆனால் அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும். ஆல்ட்டே பினகோதேக் ஓவியக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நுழைவுக் கட்டணம் 1 யூரோதான். ஆல்பிரெக்ட் டியூரர் 1500ஆம் ஆண்டில் தம்மைத் தாமே வரைந்த ஓவியம் அங்கேதான் இருக்கிறது. அதன் முன் அவசரமில்லாமல் நில்லுங்கள்.

திங்களன்று இன்ஸ்ப்ரூக் போய்ச் சேர்ந்தால், செவ்வாய் முதல் வியாழன் வரை உங்கள் கணவர் பயிற்சிப் பள்ளியில் சேரட்டும். தொடர்ச்சியாக மூன்று நாட்கள் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் நாள், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸோடு நடக்கவும், சறுக்குப் பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி வேகத்தைக் குறைக்கவும் கற்பதிலேயே போய்விடும். ஒரு நாளோடு திரும்புகிறவர்களுக்கு விழுந்தது மட்டுமே நினைவிலிருக்கும். இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் உடல் சொன்னபடி கேட்கத் தொடங்கும். அங்கே சரிவுகளில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். இம்முறை அவர் நீலத்தைத் தாண்ட வேண்டாம். முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பின்னால் வருகிறவருடையது என்ற சர்வதேச விதியையும் முதல் நாளே அறிந்துகொள்ளட்டும். பலகை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறைகளைப் போட்டால் மடிப்பு விழுந்து கால் புண்ணாகும். உயரமான ஒற்றைக் காலுறை போதும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பக்கூடியது என்பதால், வெயில் களிம்பும் கறுப்புக் கண்ணாடியும் இருவருக்கும் அவசியம்.

நீங்கள் சறுக்க வேண்டியதில்லை. இந்த விளையாட்டில் அதிகம் அடிபடுவது முழங்கால்தான். யார் ஆசை காட்டினாலும் இணங்காதீர்கள். அதற்காக அறையில் அடைந்து கிடக்கவும் வேண்டாம். பேரரசர் மாக்சிமிலியனின் நினைவுச் சமாதியைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலான 28 வெண்கலச் சிலைகள் நிற்கும் ஹோஃப்கிர்ஹே தேவாலயத்துக்கே ஒரு முற்பகல் வேண்டும். வெள்ளியன்று இருவருமாக நோர்ட்கெட்டே மலைக்கு ஏறுங்கள். கட்டடக் கலைஞர் சாஹா ஹதீத் வடிவமைத்த நிலையங்களைக் கொண்ட மலை ரயிலிலும் பிறகு ரோப் காரிலுமாக, ஊர் நடுவிலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்துக்குப் போய்விடலாம்.

ஜெர்மனி, ஆஸ்திரியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும்; அதை ஆஸ்திரியாவிடம் கேளுங்கள். இறங்கும் விமான நிலையம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது கணக்கில்லை. அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு மியூனிக்கில் இரண்டு இரவு, இன்ஸ்ப்ரூக்கில் ஐந்து இரவு. ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வாரங்கள்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் பயணக் காப்பீடு பனிச்சறுக்கு விபத்துக்கும் பொருந்துமா?
– வாசகர், மாதுங்கா, மும்பை

பதில்: பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். விசாவுக்குக் கேட்பது குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு; ஆனால் பல பாலிசிகள் குளிர்கால விளையாட்டுகளை விலக்கியிருக்கும். கூடுதல் தொகை கட்டி அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும், நீங்கள் மோதி இன்னொருவர் காயப்பட்டால் தர வேண்டிய இழப்பீடும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறியிட்ட பாதைக்கு வெளியே சறுக்கினால் காப்பீடு மறுக்கப்படலாம்.

கேள்வி: நாங்கள் இருவரும் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். ஆல்ப்ஸ் ஊர்களில் சமாளிக்க முடியுமா?
– வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: முடியும், சமையலறையுள்ள வீடாக எடுத்தால். அங்கே தெளிந்த சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்த நீரில் செய்யப்படுவது; பாலாடைக்கட்டி சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ் வகையின் மாவில் முட்டை இருக்கும். அரிசி அங்கேயே கிடைக்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் நம் நாட்டுப் பால் பொருட்களைக் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பொடிக்கு நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள்.