மகளின் மைண்ட் மேப்பில் எதை வரைவது? இராயக்கோட்டைத் தங்கைக்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் பத்தாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் உங்கள் மகளிடம், தன்னைப் பற்றி ஏ3 தாளில் ஒரு மைண்ட் மேப் (நடுவில் ஒரு கருத்தும் அதிலிருந்து பிரியும் கிளைகளுமாக வரையும் எண்ணப்படம்) வரைந்து வரும்படி ஓவிய ஆசிரியை சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். குடும்பம், ஊர், மொழி, நம்பிக்கை, விருப்பம் என்று அவர் கொடுத்த தலைப்புகளைப் பார்த்ததும், சாதியையும் மதத்தையும் எழுத வேண்டியிருக்குமோ என்ற தயக்கம் உங்களுக்கு வந்திருக்கிறது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழுமாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்து இராயக்கோட்டையில் வளர்ந்த பிள்ளை தன்னை எந்த மொழிக்காரி என்று காட்டுவது, இணையத்திலிருந்து படங்களை அச்செடுத்து நீங்களே ஒட்டிக் கொடுக்கலாமா என்பவை உங்களுடைய மற்ற இரண்டு கேள்விகள். காவேரிப்பட்டணத்திலிருந்து வந்து, இரண்டு பிள்ளைகளை இங்கே இதே பாடத்தில் படிக்க வைத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாதியை அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காததை எழுத வேண்டியதில்லை. பள்ளியில் சேரும்போது நீங்கள் நிரப்பிய படிவம் வேறு, இது வேறு. அந்தப் படிவத்திலும் இனம் பற்றிய கேள்விக்கு விடையளிக்க விருப்பமில்லை என்று குறிக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நம்பிக்கை என்ற தலைப்பில் உங்கள் வீட்டுச் சாமியை வரைய மகளுக்கு ஆசையிருந்தால் வரையட்டும், இல்லையென்றால் அந்தக் கிளையையே விட்டுவிடட்டும். இத்தகைய தாள்களை வகுப்புச் சுவரில் மாட்டுவதும் உண்டு என்பதால், உடன் படிப்பவர்கள் படிக்கக் கூடாது என்று அவள் நினைக்கும் எதையும் அதில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

இந்தத் தாள் எதற்காக என்பது தெரிந்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். பதினாறு வயதை ஒட்டி இங்கே எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வின் ஓவியப் பாடத்தில் 60 விழுக்காடு மதிப்பெண் மாணவர் தொகுத்து வைக்கும் படைப்புகளுக்கும், மீதி 40 விழுக்காடு தேர்வு வாரியம் தரும் தலைப்பில் செய்யும் படைப்புக்கும் உரியவை. இறுதியில் வரும் ஓவியத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் இடுவதில்லை. பிற ஓவியர்களிடமிருந்து எண்ணங்களை வளர்த்தது, பொருட்களையும் முறைகளையும் மாற்றி மாற்றிச் சோதித்தது, கண்ணால் பார்த்துப் பதிவு செய்தது, கடைசியில் ஒரு முழுமையான படைப்பாக முடித்தது ஆகிய நான்கும் சம எடையுடன் கணக்கில் கொள்ளப்படுகின்றன. மைண்ட் மேப் பெரும்பாலும் இந்தப் பயணத்தின் முதல் பக்கம். ஆகவே அதிலிருந்து அடுத்து வரையக்கூடியது எதையாவது பிடித்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் அதன் தகுதி.

நம்மவர்கள் பலர் இதைக் கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் குறிப்பைப் போல ஆக்கிவிடுகிறார்கள்: நடுவில் புகைப்படம், சுற்றிலும் அன்பு, பண்பாடு, பெருமை, ஓர் ஓரத்தில் தாஜ்மகால். (தாஜ்மகாலுக்கும் இராயக்கோட்டைக்கும் என்ன உறவோ!) பெருமை என்ற சொல்லை எப்படி வரைவது? நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன்தான். ஆனால் உங்கள் மகளின் வாழ்க்கையை அது எங்கேயாவது தொட்டால் மட்டுமே தாளில் இடம்பெற வேண்டும். தக்காளி மண்டியில் அடுக்கியிருக்கும் பெட்டிகள், களி கிண்டும் துடுப்பு, பாட்டி வீட்டு முறம், வளைந்த மூக்குடன் இருக்கும் பெங்களூரா மாங்காய் என்று அவள் கையால் தொட்ட பொருட்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவமும் ஒரு நிறமும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் ஊருக்குத் தலைக்கு மேலே ஒரு கோட்டை மலை இருக்கிறது. அதைத் திப்புவின் ஆட்சியிலிருந்து 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு பாரமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட நம் பகுதி வழியாகப் பயணம் செய்த ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் வரைந்த காட்சிகளில் இராயக்கோட்டையும் ஒன்று. பின்னர் அது அச்சுப்படமாகவும் வெளிவந்தது. வெளியிலிருந்து வந்தவர் பார்த்த மலைக்குப் பக்கத்தில், அதன் அடிவாரத்தில் வளர்ந்த பெண் பார்த்த மலையை வைத்தால், ஆசிரியை கேட்கும் ஓவியர் ஆய்வு அங்கேயே தொடங்கிவிடும். கூடவே கிரேசன் பெர்ரி என்ற ஆங்கிலக் கலைஞரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் 2013-இல் செய்த ஒரு செதுக்கு அச்சுப்படத்தில் தன் உருவத்துக்குப் பதிலாக மதில் சூழ்ந்த ஒரு நகரத்தின் வரைபடத்தைத் தன்னுருவப் படமாக வரைந்திருக்கிறார். தன்னை ஒரு கோட்டையாக வரைய உங்கள் மகளுக்கு இருக்கும் தகுதி அந்த வகுப்பில் வேறு யாருக்கு இருக்கப்போகிறது? மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைத்தான் பாதி வகுப்பு எடுத்துக்கொள்ளும். அவர் 1939-இல் வரைந்த இரட்டை உருவப் படம் சிறந்ததுதான் என்றாலும் கூட்டத்தோடு போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மொழியைப் பொறுத்தவரை ஒன்றைத் தேர்ந்தெடுத்து நடுவில் எழுத வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் புழங்குவது நமக்குப் புதிதல்ல. யாரோடு எந்த மொழியில் பேசுகிறாள் என்பதை அவள் காட்டினால் போதும். பாட்டியிடம் பேசும் தெலுங்கை அந்த எழுத்திலும், தோழிகளிடம் பேசும் தமிழை நம் எழுத்திலும், இப்போது பள்ளியில் பேசும் ஆங்கிலத்தை அதன் எழுத்திலும் தன் கையாலேயே எழுதி, அந்த வரிகளையே கோட்டையின் கற்சுவராக அடுக்கலாம். இங்கே வந்தபின் அவளுக்குப் பிடித்துப்போன பாட்டு, பேருந்து, சிப்ஸ் கடை எதையும் நீங்கள் அழிக்கச் சொல்லாதீர்கள்; அவையும் அவள்தான்.

அச்செடுத்து ஒட்டும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். இணையப் படத்தைவிடத் தானே நேரில் பார்த்து வரைந்ததற்கும் தானே எடுத்த புகைப்படத்துக்கும் இந்தப் பாடத்தில் மதிப்பு அதிகம். ஊரிலிருந்து கொண்டுவந்த பாத்திரம், துணி எதுவானாலும் சன்னலோரம் வைத்துப் பென்சிலால் வரையட்டும். கோட்டைக்கு மட்டும் ஊரிலிருக்கும் உறவினர் யாரிடமாவது, வீட்டு மொட்டை மாடியிலிருந்து காலையிலும் மாலையிலும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். யார் எடுத்தது என்பதை அவள் படத்தின் கீழே எழுதிவிட வேண்டும். வண்ணங்களை இப்போதே விலைகொடுத்து வாங்காதீர்கள். மதிய இடைவேளையில் ஓவிய அறையைத் திறந்து வைக்கும் பள்ளிகள் இங்கே பல உண்டு. உங்கள் மகளின் பள்ளியிலும் அந்த வழக்கம் இருக்கிறதா என்று ஆசிரியைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்து அண்ணன்