வோர்ட்டை ஆறவைக்காம விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வீட்டு பியர் பத்தி எழுதினதுக்கு வந்த கடிதத்துல பாதி ஒரே விஷயம்தான், கொதிச்ச வோர்ட்டை, அதாவது மால்ட்டை (முளைகட்டிக் காயவெச்ச தானியம்) சுடுதண்ணியில ஊறவெச்சு வடிச்சு, கசப்பும் வாசனையும் தர்ற ஹாப்ஸ் பூவைப் போட்டு காய்ச்சின சாறை, உடனே குளிர வைக்காம விட்டா என்ன ஆகும்னு. அதனால இந்த வாரம் அதுக்கே ஒதுக்கிட்டேன்.

அண்ணா, மெல்பர்ன்ல இருக்கேன். காய்ச்சினதும் அரை மணிக்குள்ள 20 டிகிரிக்குக் கொண்டு வரணும்னு புத்தகத்துல எல்லாம் இருக்கு. இங்க பாதி பேர் சுடச்சுட பிளாஸ்டிக் க்யூப்ல (சதுர கேன்) ஊத்தி மூடிட்டு மறுநாள்தான் ஈஸ்ட் போடுறாங்க. யாரை நம்புறது?

க்யூப் காரங்களை நம்புங்க தம்பி, ஒரு கண்டிஷனோட. அந்த கண்டிஷன் அடுத்த கேள்வியில வருது, அதைப் படிக்காம கராஜுக்குப் போயிடாதீங்க.

நோ-சில்னு இதுக்குப் பேரு, உங்க ஊர்லதான் பெரிசா பரவுச்சு, காரணம் தண்ணி. செம்புக் குழாய் சில்லர்ல 20 லிட்டர் வோர்ட்டை ஆறவைக்க அதைவிட பல மடங்கு குழாய்த்தண்ணி ஓடணும், 2000-கள்ல வந்த பெரிய வறட்சியில மெல்பர்ன்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டர்தான்னு அரசாங்கமே இலக்கு வெச்சிருந்த நேரத்துல எவன் அதை சாக்கடையில விடுவான்?

பண்றது ரொம்ப சிம்பிள், ஆனா அவசரம் ஆகாது. ஹெச்டிபிஇ பிளாஸ்டிக், அடியில முக்கோணத்துக்குள்ள 2-னு நம்பர் இருக்கும், சாப்பாட்டுக்கு உகந்ததுன்னும் போட்டிருக்கணும், அந்த க்யூப்பைக் கழுவி சானிடைஸர் போட்டு வெச்சுக்கோங்க. அடுப்பை அணைச்சதும் வோர்ட் 90 டிகிரி பக்கம் இருக்கும்போதே டியூப் வழியா அடியிலேர்ந்து நிரப்பணும், மேல கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கும்ல, அப்போ ரெண்டு பக்கமும் பலகை வெச்சு அழுத்தினா சாறு மேல ஏறி வாய் விளிம்பு வரைக்கும் வரும், அந்த நேரம் பார்த்து மூடியைத் திருகிடணும். திருகினதும் பக்கவாட்டுல படுக்க வையுங்க, மூடியோட உள்பக்கத்துலயும் அந்தச் சூடு படணும், 15 நிமிஷம் விட்டு அடுத்த பக்கம் புரட்டுங்க. காலையில பார்த்தா க்யூப் ஒட்டிப்போன கன்னம் மாதிரி உள்ள இழுத்திருக்கும். இழுக்கலைன்னா மூடி சரியா உக்காரலன்னு அர்த்தம், உள்ள காத்து போயிருக்கு, ஆறின அடுத்த நிமிஷம் ஈஸ்ட் போட்டுடுங்க.

இன்னொண்ணு, கண்ணாடி ஜாடியில சுடச்சுட ஊத்தவே ஊத்தாதீங்க, வெடிக்கும். தண்ணி பாட்டில் பிளாஸ்டிக் 70 டிகிரி தாண்டினாலே நெளிய ஆரம்பிச்சிடும். அப்புறம் ஜனவரி மாசம் கராஜே 35 டிகிரி இருந்தா க்யூப் எத்தனை நாள் வெச்சாலும் அதுக்குக் கீழ வராது, ஏல் வகை பியரோட ஈஸ்ட்டுக்கு 18லேர்ந்து 20 வேணும், அதனால தண்ணித் தொட்டியிலயோ ஃபெர்மென்ட் பண்ற ஃபிரிட்ஜ்லயோ வெச்சு இறக்குங்க. ஆறினதும் ஃபெர்மென்ட்டர்ல, அதாவது ஈஸ்ட் போட்டு நொதிக்க விடுற பாத்திரத்துல, ஊத்தும்போது நல்லா நுரைக்க நுரைக்க ஊத்துங்க, ஈஸ்ட்டுக்கு அந்தக் காத்து வேணும், சூடா இருக்கும்போது மட்டும் அப்படிக் கலக்காதீங்க.

க்யூப்ல ஊத்தி மூணு வாரம் ஆச்சு, வேலை அதிகம், கராஜ்லயே இருக்கு. உப்பல, ஒழுகல. இப்போ ஈஸ்ட் போடலாமா? கடையில காய்ச்சி அடைச்சு விக்கிற ஃப்ரெஷ் வோர்ட் கிட் மாசக்கணக்கா ஷெல்ஃப்ல இருக்கே?
*– சிட்னி வாசகர்*

நான்னா கொட்டிடுவேன். மோந்து கூட பார்க்க மாட்டேன்.

ஆறவைக்காததுல பெரிய ஆபத்து கிடையாது, ஈஸ்ட் போடாம வெச்சிருக்கிறதுலதான் இருக்கு, நிறைய பேர் இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. கொதிக்கிற 100 டிகிரியில சாதாரண பாக்டீரியா எல்லாம் செத்துடும், ஆனா கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்னு ஒண்ணு இருக்கு, அதோட ஸ்போர், அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்கிற வடிவம், அந்தக் கொதியைத் தாங்கி நிக்கும். அதைக் கொல்ல 121 டிகிரி வேணும், பிரஷர் இல்லாம அந்தச் சூடு வராது. தானியம் மண்ணுலேர்ந்து வர்ற பொருள், மண்ணுலதான் இந்த ஸ்போரும் இருக்கு. இது முளைச்சு விஷம் கக்க என்னென்ன வேணும்னு பாருங்க: காத்து இருக்கக் கூடாது, பிஹெச் (புளிப்பு அளவு, குறைஞ்சா புளிப்பு அதிகம்) 4.6க்கு மேல இருக்கணும், ரூம் டெம்பரேச்சர், திங்க சத்து. வோர்ட்டோட பிஹெச் 5, 5.4 பக்கம் இருக்கும், நீங்க வேற காத்தை எல்லாம் நல்லா அழுத்தி வெளியேத்தி இறுக்கி மூடிட்டீங்க. அதுக்கு இதைவிட சௌகரியம் யார் பண்ணிக் குடுப்பா?

ஈஸ்ட் போட்டுட்டா கதை மாறிடும், ஒண்ணு ரெண்டு நாள்லயே பிஹெச் 4.6க்குக் கீழ இறங்கிடும், ஆல்கஹாலும் சேர்ந்துடும். அதனாலதான் ராத்திரி மூடி மறுநாள் போடுறவங்களைப் பத்தி நான் கவலைப்படுறதில்ல. ஹாப்ஸ் இருக்கே அது பாக்டீரியாவை அடக்கும்னு சொல்வாங்க, சில வகையை அடக்கும், நிஜந்தான், ஆனா அதை நம்பி மூணு வாரம் விடுறது எனக்குச் சரியாப்படல. உப்பலைங்கிறதும் கியாரண்டி இல்ல, அந்த விஷத்துக்கு வாசனையும் கிடையாது ருசியும் கிடையாது. கடை கிட் விஷயம், அவங்க தொழிலா பண்றவங்க, அவங்க ப்ராசஸுக்கு அவங்க பொறுப்பு, அதை வெச்சு நம்ம கராஜ் க்யூப்புக்கு சர்டிபிகேட் குடுத்துக்க முடியாது. இனிமே மறுநாள் முடியாதுன்னு தெரிஞ்சா காய்ச்சாதீங்க, இல்ல ஈஸ்ட் பாக்கெட்டை வீட்டுல இருக்கிறவங்க கையில குடுத்து ஆறினதும் போடச் சொல்லிட்டுப் போங்க.

நோ-சில் பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து பேல் ஏல் கசக்குது, ஹாப்ஸ் வாசனை குறைஞ்சிடுச்சு. ரெசிபி அதேதான்.

ரெசிபி அதேதாங்கிறதுதான் பிரச்னை. ஹாப்ஸ்ல இருக்கிற ஆல்ஃபா ஆசிட் சூட்டுல மாறித்தான் கசப்பாகுது, அடுப்பை அணைச்சாலும் 80 டிகிரி வரைக்கும் அந்த வேலை நல்லாவே நடக்கும், க்யூப்ல அந்தச் சூடு சீக்கிரம் இறங்காது. 60 நிமிஷ ஹாப்ஸ்ல, அதாவது கொதி முடிய 60 நிமிஷம் இருக்கும்போது போடுறதுல, பெரிய வித்தியாசம் வராது, அது ஏற்கெனவே குடுக்க வேண்டியதைக் குடுத்துடுச்சு. 10 நிமிஷ ஹாப்ஸ்தான் அரை மணி கொதிச்ச மாதிரி ஆகி வாசனையைத் தொலைச்சுட்டு கசப்பைக் குடுக்குது. நிறைய பேர் வெச்சிருக்கிற கணக்கு 20 நிமிஷம் தள்ளிப் போடுறது: 30 நிமிஷத்துல போடுறதை 10ல போடுங்க, 10ல போடுறதை நேரா க்யூப்லயே போட்டு மேல சாறை ஊத்துங்க, கடைசியில போடுறதை ஃபெர்மென்ட் ஆன பிறகு ஆறின பியர்லயே போட்டுடுங்க, டிரை ஹாப்னு அதுக்குப் பேரு. ஸ்டவுட், கோதுமை பியர் எல்லாம் நோ-சில்லுக்குத் தங்கமா வரும். ஹாப்ஸே பிரதானமா இருக்கிற ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகைன்னா சில்லர் கடன் வாங்கிக்கலாம், அதுல கௌரவம் பார்க்காதீங்க.

அவிச்ச மக்காச்சோள வாசனை வந்தா அது டிஎம்எஸ்னு (டைமெத்தில் சல்ஃபைடு) ஒரு கந்தகப் பொருள், வெளிர் பில்ஸ்னர் மால்ட்ல அதிகம், 60க்குப் பதிலா 90 நிமிஷம் மூடி போடாம நல்லா தளதளன்னு கொதிக்க விடுங்க. பியர் கலங்கலா தெரியுறது கண்ணுக்கு மட்டும்தான், விட்டுடுங்க.

க்யூப் எதுக்கு, காய்ச்சின பாத்திரத்துலயே மூடி போட்டு விட்டா?

விடலாம். ஆறும்போது ஓரத்துல காத்து உள்ள இழுக்கும், அதோட காட்டு ஈஸ்ட்டும் புளிக்க வைக்கிற பாக்டீரியாவும் வரும், அதனால காலையில முதல் வேலையா ஈஸ்ட் போடணும். பிரசல்ஸ் பக்கம் லாம்பிக் பியர் காய்ச்சுறவங்க வேணும்னே திறந்த தட்டையான தொட்டியில ராத்திரி பூரா ஆறவெச்சு காத்துல வர்றதையே ஈஸ்ட்டா எடுத்துக்கிறாங்க, ஆனா அது குளிர்காலத்துல மட்டும், பீப்பாயில வருஷக்கணக்கா வெச்சு.

வீட்டுக்காரர் கொதிக்கிற 20 லிட்டரைத் தூக்கிட்டு கராஜுக்குப் போறார், வீட்டுல ரெண்டு சின்னப் பசங்க. இதுல பயப்பட வேண்டியது எதுக்கு?
*– வாசகி, பிரிஸ்பேன்*

நீங்க பயப்படுறதுக்குத்தாம்மா. மேல நான் இவ்வளவு நேரம் சொன்னதைவிட இதுதான் நிஜமா அடிக்கடி நடக்கக்கூடியது. சர்க்கரைத் தண்ணி, மேல பட்டா ஒட்டிக்கும். அவரைக் கெட்டிலை, அதாவது காய்ச்சின பாத்திரத்தை, தூக்க விடாதீங்க, கெட்டில் வால்வுல சிலிக்கான் டியூப் மாட்டி க்யூப்பைத் தரையில வெச்சு இறக்கிக்கட்டும், மூடின க்யூப்பையும் ஆறுற வரைக்கும் இடம் மாத்த வேண்டாம், புரட்டும்போது தடிமனான கையுறை போடச் சொல்லுங்க. அந்த ஒரு மணி நேரம் பசங்க கராஜ் பக்கம் வரக் கூடாது.

கோயம்புத்தூர்ல பண்ணலாமா சார்?

கூடாது. ஆஸ்திரேலியாவுல சொந்தமா குடிக்க, விக்காம, வீட்டுல பியர் பண்ணிக்கலாம். இங்க தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா வழக்குதான், அது பியரா இருந்தாலும்.